ஒரு சோடி கம்பளி மேசுக்கு நன்றி

நோர்வேயின் ஸ்கோலா மலையில் ஏறும்போது நாங்கள் குளிரில் விறைத்துப்போய், மற்றவர்களின் உதவியோடு மீண்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை. எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம், ஒருவரின் விரலுக்கும் சேதமில்லை.

முதல் நன்றி, ஸ்கோலா ஏரிக்கு மேலே எதிரே இறங்கி வந்து, பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த நோர்வே அம்மாவுக்கு. அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னார். முடியவில்லை. உடனே தன் பையின் அடியில் பிளாஸ்ரிக் உறைக்குள் சுற்றி வைத்திருந்த கம்பளி மேஸ் (காலுறை) ஒரு சோடியை எடுத்து, காலுக்கல்ல, கைக்கு மாட்டிவிட்டார்.

கை விறைத்தால் ஜாக்கெட்டின் சிப்பை இழுக்க முடியாது, பிளாஸ்கைத் திறக்க முடியாது, தொலைபேசியில் எண்ணை அழுத்த முடியாது. மற்ற எல்லாம் அதன்பிறகுதான் கெடுகிறது. மேசுக்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் விரல் பிரிந்த கையுறையை விடச் சூடு நிற்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்தி சேட் அப்படியில்லை, வேர்வையில் நனைந்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

பிறகு ‘விண்ட்செக்’ என்று இங்கே சொல்லும் காற்றுப் பையை விரித்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி, முதுகுப்பைகளின் மேல் நெருக்கி உட்கார்ந்து, பையைத் தலைக்கு மேலால் இழுத்து, ஓரத்தைக் கீழே மடித்து அமுக்க வேண்டும். வெறும் கல்லில் உட்காரக் கூடாது, குளிர் கீழிருந்துதான் ஏறும். சில நிமிடங்களில் மூச்சுக்காற்றே உள்ளே வெதுவெதுப்பாக்கியது. அதற்குள் வைத்தே ஈரச் சேட்டை மாற்றினோம். சுடச்சுட இனிப்பான கருந்திராட்சைப் பானம் ஊற்றித் தந்தார். கையைத் தேய்க்க விடவில்லை. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது, நடுக்கம் நின்றாலோ பேச்சுக் குழறினாலோ பெரும் ஆபத்து, அப்போது நடக்க வைக்காமல் மருத்துவ அவசர எண்ணான 113-ஐ அழைக்க வேண்டும் என்றார்.

தன் காலில் ஈர மேசோடேயே அவர் கீழே இறங்கிப் போனார். அது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

113-இல் பதற்றமில்லாமல் கதைத்தவர், ஒரு குரோனர்கூடக் கேட்காமல் மேலே ஏறிவந்த செஞ்சிலுவைத் தன்னார்வலர்கள், மலையடிவார ஊரான லூவனில் உலர்ந்த உடுப்புத் தந்தவர்கள், ஓலசுண்ட் நகரிலிருந்து சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்த உறவுகள், எல்லோருக்கும் நன்றி.

அடுத்து ஏறப்போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்கோலா 1,848 மீட்டர், நடை தொடங்குவது கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில். ஆயிரம் மீட்டருக்கு ஆறு பாகை போல வெப்பம் குறையும். ஃபியோர்ட் கரையில் 15 பாகை என்றால் உச்சியில் நான்கு, அதற்கு மேல் காற்று வேறு. ஜூலையிலும் மேலே பனி கிடக்கும். 1891-இல் கட்டிய கல் கோபுரம் உச்சியில் நிற்பதால், அங்கே போனால் ஒதுங்கலாம் என்ற நினைப்பே ஆட்களை இழுத்துக்கொண்டு போகிறது. மலை ஏறுபவர்களுக்கு நோர்வேயில் சொல்லும் மலை விதிகளில் எட்டாவது, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. இனி எந்த மலைக்கும் திரும்பும் நேரத்தைக் கீழேயே எழுதி வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். ஆளுக்கொரு சோடி மேஸ் கூடுதலாக, குழுவுக்கொரு காற்றுப் பை.

அம்மா, உங்கள் மேஸ் எங்களிடம் இருக்கிறது. சாம்பல் நிறம், ஒரு குதிக்காலில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு. கம்பளி சுருங்காமல் இளஞ்சூட்டு நீரில் அலசி, பிழியாமல் துவாயில் சுருட்டி நீரெடுத்துக் காயவைத்தோம். மலையடிவாரப் பலகையில் நோர்வே மொழியில் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறோம். கண்டால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.