'இலேசான வெதுவெதுப்பு' என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் கலந்த களிம்பின் ஆய்வை நடத்தும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அக்கி ஆறிய பின்னும் விலாப்புறத்தில் தங்கிவிட்ட நரம்பு வலிக்காக உங்கள் 12 வார ஆய்வில் சேர்ந்து, ஐந்தாம் வாரத்தில் விலகிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அடுத்த கட்ட ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் சென்ற வாரம் எனக்கும் வந்தது. 'பூசிய இடத்தில் இலேசான வெதுவெதுப்பு தோன்றக்கூடும்' என்ற பழைய வரி அதில் ஓர் எழுத்தும் மாறாமல் இருப்பதைக் கண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

கேப்சைசின் என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும், நரம்பு முனையிலுள்ள அதே ஏற்பிப் புரதத்தையே அது தூண்டுகிறது என்பதை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997-இல் காட்டியது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. ஒருமுறை தூண்டப்பட்ட ஏற்பி, இதமான சூட்டையும் கொதிப்பென்றே மூளைக்குச் சொல்லும் என்பதும் நீங்கள் அறிந்ததே. நான் அதை அறிந்துகொண்டது குளியலறையில். காலையில் பூசிய களிம்பு மாலைக்குள் போயிருக்கும் என்ற நம்பிக்கையில், கைக்கு வெதுவெதுப்பாக இருந்த நீரை மொண்டு ஊற்றினேன். விலாவில் பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்தாற்போல் இருந்தது, குவளை கைநழுவி விழுந்தது. அன்றிலிருந்து விலகும் நாள்வரை, தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை ஒதுக்கி, பாதி உடம்பை மட்டும் நனைத்துக் குளித்தேன். வியர்த்தால் எரிந்தது, போர்வை பட்டால் எரிந்தது. தொலைபேசியில் சொன்னபோது, 'மருந்து வேலை செய்கிறது என்று பொருள்' என்றார் உங்கள் ஒருங்கிணைப்பாளர். உண்மையாகவே இருக்கலாம், தொடர்ந்து பூசப் பூச நரம்பு முனைகள் மரத்து வலி அடங்கும் என்பதுதானே இம்மருந்தின் அடிப்படை. அந்த எரிச்சல் எத்தனை நாளில் தணியும் என்று முன்பே சொல்லியிருந்தால், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: எரிச்சலை எரிச்சல் என்றே எழுதுங்கள். எத்தனை பேருக்கு அது வந்தது, எத்தனை நாள் நீடித்தது, அதன் பொருட்டு எத்தனை பேர் விலகினார்கள், வெந்நீரை எப்போதெல்லாம் தவிர்க்க வேண்டும் என்பதையெல்லாம் கையொப்பத்துக்கு முன்பே சொல்லுங்கள்.

இரட்டை மறைப்பு ஆய்வு, அதாவது யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் களிம்பு என்பது பூசிக்கொள்பவருக்கும் தெரியாது, ஆய்வு செய்பவருக்கும் தெரியாது என்று படிவத்தின் தலைப்பிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். காத்திருப்பு அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். நெளிகிறவருக்கு மருந்து, நிம்மதியாக நாளிதழ் படிக்கிறவருக்கு வெறும் களிம்பு என்று எங்களுக்கே தெரிந்துவிடும். இதே துறையில், 8 விழுக்காடு கேப்சைசின் கொண்ட, தோலில் ஒட்டும் பட்டையை ஆராய்ந்தவர்கள், ஒப்பீட்டுக் குழுவினருக்கும் 0.04 விழுக்காடு கேப்சைசின் கலந்த பட்டையைத்தான் ஒட்டினார்கள். எரிச்சலே காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. ஆய்வைத் திட்டமிடும்போது இவ்வளவு பெரிதாகத் தெரியும் எரிச்சல், எங்கள் கைக்கு வரும் தாளில் மட்டும் வெதுவெதுப்பாக ஆறிவிடுவது எப்படி? மிளகாய் தின்றால் ஆயுள் கூடும் என்று தலைப்புப் போடுகிறவர்களிடம் சொல்சுத்தத்தை நான் எதிர்பார்ப்பதில்லை, உங்களிடம் எதிர்பார்த்தேன்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். இம்மருந்தின் மீது எனக்குப் பகையில்லை. வலி இன்னும் இருக்கிறது, மீண்டும் சேரும் எண்ணமும் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நீங்கள் அனுப்பிய படிவம் கையொப்பமின்றி என் மேசையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
ஐந்தாம் வாரத்தில் விலகியவர்களில் ஒருவன்