பில்டு உடைந்தால் அழிக்காதீர்கள், மேலே போய்ப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே நிரலை வைத்து ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி செய்வது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறிமுகம் நன்றாகவே இருந்தது. ஆனால் பில்டு செய்யும்போது, அதாவது எழுதிய நிரலைச் செயலியாகக் கட்டும்போது, எரர் வந்தால் கிளீன் செய்து (முன்பு கட்டியதன் மிச்சங்களை நீக்கி) மறுபடி ஓட்டுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அதுதான் உறுத்துகிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களில் பலர் மனம் விட்டுப்போவது நிரல் எழுதும்போது அல்ல, இந்த இடத்தில்தான்.

இப்படிச் செயலி செய்யும் கருவிகளில், ஃப்ளட்டரில் நாம் எழுதுவது டார்ட் மொழி, ரியாக்ட் நேட்டிவில் ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் அடியில் கோட்லின், ஜாவா, ஸ்விஃப்ட், ஆப்ஜெக்டிவ் சி, சி++ என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது, அவற்றுக்குப் பல கம்பைலர்கள் (நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கருவிகள்), தனித்தனி பதிப்புகள். ஆண்ட்ராய்டு பக்கம் இதில் யார் தடுக்கி விழுந்தாலும் ஃப்ளட்டரில் கடைசியில் திரையில் நிற்பது 'கிரேடில் டாஸ்க் அசெம்பிள்டீபக் ஃபெயில்டு வித் எக்ஸிட் கோட் 1' என்ற அதே வரிதான் (கிரேடில் என்பது ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டித் தரும் கருவி). தோற்றுப்போனது என்பதைத் தவிர அதில் ஒரு விஷயமும் இல்லை. அதைக் காப்பி செய்து தேடினால் ஊரில் உள்ள எல்லாக் கோளாறுக்குமான பதில்களும் வந்து கொட்டும், நம்முடையது எது என்று தெரியாது. மேலே நகர்த்திப் போய் முதலில் வந்த எரரைப் பிடிக்க வேண்டும். 'காஸ்டு பை' (இதனால் வந்தது) என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வந்தால் மட்டும் அந்த அடுக்கின் அடியில் இருப்பதைப் பாருங்கள், வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் கோப்பு .கேடி-யா (கோட்லின்), .ஸ்விஃப்ட்-டா, .சிபிபி-யா (சி++) என்று பார்த்தாலே எந்தக் கம்பைலர் கத்துகிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65' என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும்: 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் ஜாவா 17. அதாவது ஓடுவது ஜாவா 21, நம் ப்ராஜெக்டில் இருக்கும் கிரேடிலுக்கு அது தெரியாது. ஜாவா 21-இல் ஓட கிரேடில் 8.5 வேண்டும், ஜாவா 17-க்கு 7.3 போதும். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் (ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருள்) லேடிபக் பதிப்பு தன்னோடு ஜாவா 21-ஐக் கொண்டுவந்தபோது, நிரலில் ஒரு எழுத்துகூட மாற்றாதவர்களின் ப்ராஜெக்டுகளும் இப்படித்தான் உடைந்தன. எந்தக் கிரேடில் வேண்டும் என்று சொல்லும் கிரேடில் ராப்பர் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும், அல்லது ஃப்ளட்டருக்குப் பழைய ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு) இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். நூறு முறை கிளீன் செய்தாலும் இது தீராது.

ஐபோன் பக்கம் வேறு மாதிரி. 2020-இல் மேக் கணினிகளில் எம்1 சிப் வந்தபிறகு அவற்றில் சிமுலேட்டரும் (கணினிக்குள் ஓடும் போலி ஐபோன்) ஆர்ம்64 என்ற சிப் வகை, கையில் உள்ள போனும் ஆர்ம்64. பெயர் ஒன்றானாலும் இரண்டுக்கும் தனித்தனி லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) வேண்டும், பழைய பாணியில் இரண்டையும் ஒரே கோப்பில் திணிக்க முடியாது, இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் எக்ஸ்சிஃப்ரேம்வொர்க்காகத்தான் கட்ட வேண்டும். சி++ சேர்த்திருந்தால் இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு எக்ஸ்டர்ன் சி என்ற குறிப்பைப் போடாவிட்டால் கம்பைலர் அவற்றின் பெயரை உருமாற்றிவிடும், அப்புறம் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், தேடும் பெயர் கிடைக்காமல் 'அன்டிஃபைண்டு சிம்பல்ஸ்' என்று நிற்கும்.

எங்கே கோளாறு என்று பிடிபடவில்லை என்றால் மேல் அடுக்கான ஃப்ளட்டரை விட்டுவிட்டு, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் போய் கிரேடிலை நேராக ஓட்டுங்கள், ஐஓஎஸ் ஃபோல்டரின் ஒர்க்ஸ்பேஸை ஆப்பிளின் செயலி கட்டும் மென்பொருளான எக்ஸ்கோடிலேயே திறந்து பில்டு செய்யுங்கள். அங்கும் அதே எரர் வந்து, அதில் டார்ட் கோப்பு எதுவும் சுட்டப்படவில்லை என்றால் டார்ட் நிரலைச் சந்தேகப்பட்டு நேரத்தைக் கொல்ல வேண்டியதில்லை.

கிளீன் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கேஷில் (தற்காலிகமாகச் சேமித்த கோப்புகளில்) பழசு தங்கி மக்கர் செய்வது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் அழி என்று சொன்னால் புதியவர் எந்த லைப்ரரிக்கு எந்தப் பதிப்பு என்று குறித்து வைத்திருக்கும் பப்ஸ்பெக் லாக், பாட்ஃபைல் லாக் கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடுவார், உடனே பத்து லைப்ரரிகள் புதிய பதிப்புக்குத் தாவிவிடும். இருந்த ஒரு எரரோடு இப்போது இன்னும் மூன்று. எது எதனால் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பக்கத்தில் ஒரு முழு எரர் வெளியீட்டை, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அச்சிட்டு அதை எப்படிப் படிப்பது என்று வரி வரியாக விளக்குங்கள். கட்டுரையில் பயன்படுத்திய ஃப்ளட்டர், கிரேடில், ஜேடிகே, எக்ஸ்கோட் பதிப்பு எண்களையும் கூடவே போடுங்கள். அவை இல்லாமல் எழுதிய வழிமுறை ஆறு மாதத்தில் படிப்பவரையே குழப்பிவிடும்.

இப்படிக்கு,
செல்பேசிச் செயலிகள் உருவாக்கும் உங்கள் வாசகர்