நைனாவுக்கு, வில் வாங்கிய கதை

மில்வாக்கி, அமெரிக்கா
ஆகஸ்ட் 24

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் போன் பண்ணியபோது காசிமேட்டு மீன் ஏலச் சத்தத்தில் நான் சொன்னது பாதி உனக்குக் கேட்கவில்லை. “வில்லா? என்னடா வில்லு?” என்று நாலு தடவை கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கும் படித்துக் காட்டு. போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று பயப்படுகிறாளாம். அவள் பயமும் நியாயம்தான், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் ஊரில் வேட்டை என்றாலே கேஸ்.

இங்கே விஸ்கான்சினில் மானுக்கு சீசன் உண்டு, லைசென்ஸ் உண்டு. 1973-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் முதல் லைசென்ஸ் வாங்க, பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். தேறிவிட்டேன். வில் வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும், மற்ற நாளில் மானைத் தொடக்கூடாது. உனக்குப் புரியும், ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடை என்று 61 நாள் போட்டைக் கட்டிப்போடுகிறவன் நீ.

வெல்டிங் ஷாப்பில் என் பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர். போன குளிர்காலத்தில் மான் கறி கொடுத்தார். அம்மா அனுப்பிய மசாலாவைப் போட்டுக் குழம்பு வைத்தேன். கொழுப்பே இல்லாத ஆட்டுக்கறி மாதிரி இருந்தது. அந்த ருசியில்தான் ஆரம்பித்தது எல்லாம்.

முதலில் ஏமாந்தேன். ஒரு கடையில் பழைய வில் ஒன்றைக் கையில் கொடுத்து, உன் உடம்புக்கு இதுதான் சரி என்றார்கள். நானும் ராயபுரத்துக்காரன் என்ற திமிரில் வாங்கிவிட்டேன். இழுக்க 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. அதைவிட மோசம், நாணை இழுக்கிற நீளம். அது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு கையையும் விரித்து ஒரு நுனி விரலிலிருந்து மறு நுனி வரை அளந்து, 2.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய வரும். எனக்கு 70 அங்குலம், அப்படியென்றால் 28. அந்த வில் 30-க்கு. விட்ட நாண் முன்கையில் சுள்ளென்று அடித்து, முழங்கை வரை கத்தரிக்காய் நிறம். நஷ்டத்துக்கு விற்றேன்.

பெரியவர் சிரித்துவிட்டு வேறு வில் காட்டினார். காம்பவுண்ட் வில் என்பார்கள், இரண்டு முனையிலும் சக்கரம் இருக்கும். இழுக்கும்போது முதலில் கனமாக வரும், சக்கரம் திரும்பியதும் கனம் விட்டுப்போகும். 50 பவுண்டில் வைத்தால், முழுக்க இழுத்த நிலையில் கையில் 10 பவுண்டுதான் நிற்கும். மான் திரும்பும் வரை நிதானமாகப் பிடித்திருக்கலாம். டைமண்ட், பேர் (Bear) போன்ற கம்பெனிகளில் 5 பவுண்டிலிருந்து 70 வரை திருகி மாற்றுகிற மாடல்கள் இருக்கின்றன. குறி பார்க்கும் கருவி, அம்பு தாங்கி, அம்புக் கூடு எல்லாம் பொருத்தியே வரும். 430 டாலர் ஆனது. 40-ல் ஆரம்பித்து இப்போது 52-க்கு வந்திருக்கிறேன். இந்த மாநிலத்தில் மானுக்குக் குறைந்தது 30 இருந்தால் போதும். 70 இழுக்கிறேன் என்று மார் தட்டுகிறவன் குளிரில் நடுங்கும் கையால் இழுத்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

அப்புறம் குறி சரியாக விழ எதை மாற்றுவது? கடைக்காரன் வில்லையே மாற்றச் சொல்வான். பெரியவர் அம்பை மாற்றச் சொன்னார். அம்பின் விறைப்புக்கு ஒரு எண் உண்டு, எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். வில்லுக்குப் பொருந்தாத அம்பு வளைந்து நெளிந்து போகும். கேரம் ஆடுகிற நமக்குத் தெரியாதா, போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்ட்ரைக்கர் கைக்குப் பொருந்தாவிட்டால் காய் குழிக்குப் போகாது. ஆறு நல்ல அம்பு வாங்கினேன். பிறகு மணிக்கட்டில் கட்டி விசையால் நாணை விடுகிற கொக்கி. இந்த இரண்டும் வந்ததுமே அம்புகள் ஒரு தட்டு அகலத்துக்குள் விழ ஆரம்பித்தன, 20 கஜத்தில். அம்பு தாங்கியை இன்னும் மாற்றவில்லை, மயிர் வைத்த வளையம் மாதிரி இருக்கும், வேலை செய்கிறது, விட்டுவிட்டேன்.

அந்தக் கொக்கி மாட்டுவதற்கு நாணில் சின்ன வளையம் போல ஒரு கயிறு முடிய வேண்டும். பழசு தேய்ந்துபோக, கடையில் காசு கேட்டார்கள். நானே உட்கார்ந்தேன். கயிற்றை வெட்டி, முனையை லைட்டரில் காட்டி, உருகிக் குமிழ் மாதிரி திரண்டதும் எடுத்து, இரண்டு பக்கமும் எதிரெதிரே முடிந்து, இறுக்கினேன். வலை தைக்கும்போது நைலான் முனையைக் கொளுத்தி நீ உருட்டுவாயே, அதே வாசனை. பெரியவர் முடிச்சை இழுத்துப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்றார். என் நைனா என்றேன்.

அம்பு இல்லாமல் நாணை மட்டும் இழுத்து விடக்கூடாது, வில்லே சிதறும் என்று பெரியவர் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிப்பக்கம் நடந்தேன். கடல் மாதிரியே அக்கரை தெரியவில்லை, கவிச்சி மட்டும் இல்லை. போட்டு எப்படி ஓடுகிறது? வஞ்சிரம் இப்போது என்ன விலை? எழுது.

அம்மாவுக்குப் படிக்கும்போது அந்த முன்கை விஷயத்தை மட்டும் தாண்டிவிடு. காயம் ஆறிவிட்டது.

உன் மகன்