கோடைக்கு மட்டும் தங்கிக்கொள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ‘ஸ்பாங்லிஷ்’ (2004) என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இயக்குநர் ஜேம்ஸ் எல். புரூக்ஸின் வசனத்தையும், ஃப்ளோராக வரும் பாஸ் வேகாவின் நடிப்பையும் பாராட்டியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டு எஜமான் ஜானும், அங்கே வேலை பார்க்கும் ஃப்ளோரும் ராத்திரியில் உணவகத்தில் தனியாகப் பேசும் இடத்தில்தான் கதை திரும்புகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. அதற்கு வெகு முன்னாலேயே, ஜானின் கிளாஸ்கி குடும்பம் கோடைக்கு மாலிபுவில் கடற்கரை வீடு எடுக்கும்போதே, எல்லாம் முடிவாகிவிடுகிறது.

ஃப்ளோர் இந்த வேலைக்கு எதற்காக வந்தாள்? மெக்சிகோவிலிருந்து மகள் கிறிஸ்டினாவோடு அனுமதிச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி, லாஸ் ஏஞ்சலஸில் தன் மொழி பேசுகிறவர்கள் நடுவிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தவள். இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வளர்கிறாள், நடனத்தில் ஒரு பையனோடு அவளைப் பார்த்ததும் தாய்க்கு வயிற்றில் புளி கரைக்கிறது. இனி சாயங்காலம் வீட்டில் இருந்தே தீரவேண்டும், அதற்கு இரண்டு சம்பளமும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும். அதனால்தான் ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாமலே அந்தப் பணக்கார வீட்டுக்குள் நுழைகிறாள்.

மாலிபுவுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. அங்கேயே தங்கிவிடு என்கிறாள் எஜமானி டெபோரா. தயங்கித் தயங்கித்தான் தனக்கு மகள் இருப்பதையே ஃப்ளோர் சொல்கிறாள். சரி, அவளையும் அழைத்து வா என்று பதில் வருகிறது. பார்த்தால் பெருந்தன்மை. ஆனால் எந்தச் சாயங்காலத்துக்காக வேலை மாறினாளோ அந்தச் சாயங்காலம் இதோடு போயிற்று. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் இதன் விளைவுதான். டெபோரா கேட்காமலே சிறுமியை வெளியே கூட்டிப்போகிறாள், முடிக்குச் சாயம் போட்டுவிடுகிறாள், தனியார் பள்ளியில் இடம் பார்க்கிறாள். கடற்கரையில் கண்ணாடிச் சில்லு பொறுக்கினால் காசு தருவேன் என்று ஜான் விளையாட்டாகச் சொன்னதை நம்பி, கிறிஸ்டினா விழுந்து விழுந்து பொறுக்கிச் சம்பாதிக்கிறாள்.

அதற்காக ஃப்ளோர் ஜானிடம் சண்டைக்குப் போகும் காட்சி படத்திலேயே சிறந்தது. இரண்டு பக்கத்துப் பேச்சையும் மகளே, கையசைப்பு உட்பட, மொழிபெயர்த்துச் சொல்கிறாள். சிரிக்காமல் பார்க்க முடியாது. அங்கே ஜான் ஒரு போடு போடுகிறார்: நீயும் என் மகள் விஷயத்தில் தலையிட்டவள்தானே? டெபோரா வேண்டுமென்றே சின்ன அளவில் வாங்கி வந்த உடைகளைப் பருமனான பெர்னிக்காக ஃப்ளோர் பிரித்துத் தைத்துக் கொடுத்ததைச் சொல்கிறார். அவளும் ஒப்புக்கொள்கிறாள். எனக்கு இங்கே ஆற்றாமை. அந்தத் தையலுக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்தாளே, அதற்குக் கூலி யார் கொடுத்தார்கள்? படம் அதை அன்பின் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுகிறது.

டெபோரா வெறும் கேலிச்சித்திரம் என்று கட்டுரை சொல்லும் குறையை ஏற்கிறேன். அந்த வேடத்தில் வரும் டேயா லியோனி என்ன செய்வார், எழுத்து அப்படி. ஆனால் பழியெல்லாம் அவள் தலையில் விழுவதால் ஜான் உத்தமராகத் தப்பித்துவிடுகிறார். ஃப்ளோரின் நேரத்தை விழுங்கியதில் அவருக்கும் பங்குண்டு. பாட்டி எவலினாக வரும் கிளோரிஸ் லீச்மனைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிவிட்டதும் அநியாயம். தன் மகள் டெபோராவுக்கு உறைக்கிற மாதிரி புத்தி சொல்ல அந்தக் குடிகாரப் பாட்டி ஒருத்திதான் இருக்கிறாள்.

‘இதெல்லாம் பழைய காலத்துக் கதை’ என்று கட்டுரை முடிகிறது. அப்படி அல்ல. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுக் கூலிச் சட்டம் வீட்டு வேலை செய்கிறவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 1974இல்தான் உள்ளே சேர்த்தார்கள். அப்போதும், குடும்பத்தார் நேரடியாக அமர்த்தி வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஓவர்டைம் கூலி கட்டாயமில்லை என்று கூட்டரசுச் சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் தனி விதிகள் உண்டு. கூட்டரசு விலக்கு, படம் வந்து இருபது ஆண்டு கழிந்தும் நீங்கவில்லை. எனவே கட்டுரையாளர் அந்தக் கடைசி வரியை மறுபடி யோசித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்