ஒரு கிவி, மூன்று வம்சம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலி போனதும் பயிற்சியை மறப்பதில் நீ கெட்டிக்காரி. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் ஓய்வு பெற்றதும் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று வீட்டில் நினைத்தார்கள். பேத்தி விடவில்லை. அவளுக்குப் பேச்சு வந்ததிலிருந்து எனக்கு முழுநேர வேலை.

நீ கொரியத் தொடர்களில் மூழ்கிக் கிடக்கிறாய் என்று உன் மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். அப்பா என்றால் அங்கேயும் அப்பா, அம்மா என்றால் ஒம்மா, நான் என்றால் நா, நீ என்றால் நோ. ‘இவ்வளவும் தற்செயலாக இருக்க முடியுமா?’ என்று வேறு கேட்டிருக்கிறாய். முடியும் சரோஜா, தாராளமாக முடியும். கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

என் மருமகளுக்குத் தாய்மொழி கன்னடம் என்பது உனக்குத் தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது ‘கிவி எல்லி?’ என்று கேட்பாள். காது எங்கே என்று அர்த்தம். குழந்தை காதைத் தொட்டுக் காட்டும். போன வாரம் என் மகன் கிவிப் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து, ‘கிவி சாப்பிடறியா?’ என்றான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். சிரித்து முடித்த பிறகு என் பழைய புத்தி விழித்துக்கொண்டது. ஃபின்லாந்துக்காரர்களிடம் கிவி என்றால் கல். நம் குழந்தைகள் கையை வைத்து விளையாடும் ‘கல், காகிதம், கத்திரி’ விளையாட்டை அவர்கள் ‘கிவி, பாபெரி, சக்செத்’ என்பார்கள். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் கிவி என்பது பறக்கத் தெரியாத பறவை. ஆக, ஒரே ஒலிக்குக் காது, கல், பறவை என்று மூன்று பொருள்.

பழத்தைத் தனியாக எண்ணாதே, அது பறவையின் வழி வந்த பெயர். சீனாவிலிருந்து போன அந்தப் பழத்தை நியூசிலாந்தில் முன்பு சைனீஸ் கூஸ்பெரி என்றுதான் விற்றார்கள். 1959இல் ஏற்றுமதிக்காக அந்த நாட்டுப் பறவையின் பெயரை வைத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1906இல், மெல்போர்னில் செருப்புப் பாலிஷ் செய்தவர் தன் நியூசிலாந்து மனைவியை நினைத்து டப்பாவுக்குக் கிவி என்று பெயரிட்டார். பள்ளி நாளில் நாம் ஷூவில் தேய்த்த அதே கிவிதான். பறவை, பாலிஷ், பழம் மூன்றும் ஒரே குடும்பம். காதும் கல்லும் அந்தக் குடும்பமே இல்லை.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்பாய். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறந்த வீடு தெரியும் என்பதால்தான். ஃபின்னிஷ் கிவிக்குச் சொந்தக்காரர் ஹங்கேரிய மொழியில் இருக்கிறார்: அங்கே கல்லுக்கு ‘கோ’ மாதிரி ஒரு சொல். வேற்றுமை உருபு சேர்த்தால் உள்ளே ஒளிந்திருக்கும் வகரம் வெளியே வந்துவிடும். பறவையின் பெயர் அதன் கூவலிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். கன்னடக் கிவியோ நம் வீட்டுப் பிள்ளை. அது நம் ‘செவி’யேதான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கை நிற்காமல் ஓடுகிறது. செவி - கிவி என்று ஒன்றை மட்டும் காட்டியிருந்தால் நானே நம்பமாட்டேன். ஆனால் நம் சேரி அங்கே கேரி. செவிடன் அங்கே கிவுட. நம் செம்மையும் செம்பும் பிறந்த அடிச்சொல்லிலிருந்து அவர்களுக்குக் கெம்பு. சிவப்பு என்று அர்த்தம். நகைக்கடையில் சிவப்புக் கல்லைக் கெம்பு என்கிறோமே, அதே கெம்பு. பழைய ஒலி ககரம்தான். இகர எகரங்களுக்கு முன்னால் தமிழ் அதைச் சகரமாக்கிவிட்டது, கன்னடம் பத்திரமாக வைத்துக்கொண்டது. இதைவிட அழகு ஒன்று உண்டு. பின்னால் ட, ண, ள, ழ என்று நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்து வந்தால் தமிழிலும் ககரம் பெரும்பாலும் மாறவில்லை. அதனால்தான் கிளி இன்னும் கிளியாகவே இருக்கிறது, கெடு கெடுவாகவே இருக்கிறது, கேள் கேளாகவே இருக்கிறது. விதிவிலக்குக்கே ஒரு விதி! இப்படி வேறுபாடுகூட வரிசை தப்பாமல் வந்தால்தான் உறவு என்று ஒப்புக்கொள்வார்கள். அச்சாக ஒரே மாதிரி இருக்கும் சொல்லைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நம் வகுப்பில் மூன்று விஜயா இருந்தார்களே, ஒருத்திக்கு இன்னொருத்தி அக்காவா தங்கையா? அவரவர் அப்பா அவரவர் வைத்த பெயர்.

உன் தொடர்களிலிருந்தே ஒரு விஜயாவைக் காட்டுகிறேன். ஃபோனை எடுத்ததும் ‘நெ, நெ’ என்று பணிவாகச் சொல்கிறார்களே, கவனித்திருப்பாய். (சில சமயம் ‘தெ’ என்றே காதில் விழும். சொல்லின் தொடக்கத்தில் அவர்களுடைய ‘ந’ என்ற எழுத்தில் மூக்கொலி அவ்வளவு குறைவு.) கொரிய மொழியில் அது ‘ஆமாம்’. கிரேக்கரிடமும் நெ என்றால் ஆமாம்தான். கிரீஸின் எல்லையைத் தாண்டி வடக்கே பல்கேரியாவுக்குள் நுழைந்தால் அதே நெ ‘இல்லை’ ஆகிவிடும். போதாததற்கு, பல்கேரியர்கள் ஆமாம் சொல்லும்போது தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். பாவம், எல்லையில் கடை போட்டிருப்பவர்கள். செக், செர்பிய மொழிகளிலும் இல்லை என்பதுதான் அர்த்தம். ஹங்கேரிய மொழியில் ‘வேண்டாம், செய்யாதே’. துருக்கியில் ‘என்ன?’. ஃபின்னிஷில் ‘அவை’. ஜப்பானியர் வாக்கியக் கடைசியில் ‘இல்லையா?’ என்பது போலச் சேர்ப்பார்கள். போர்ச்சுகீசியர் பேச்சிலும் அதே இடத்தில் அதே அர்த்தத்தில் ஒரு நெ வருகிறது, ஆனால் அது ‘இல்லையா’ என்று பொருள்படும் அவர்களுடைய இரண்டு சொற்கள் சுருங்கிப் பிறந்தது. இந்தியில் கொஞ்சம் நீட்டி நே என்றால் தனியாக அர்த்தமே கிடையாது, செய்தவரைக் காட்டும் வெறும் உருபு. செக், செர்பிய, பல்கேரிய மூவரும் ஒரே குடும்பம், அவர்களை ஒன்றாக எண்ணு. போர்ச்சுகீசிய நெயில் ஒளிந்திருக்கும் ‘இல்லை’யும் அவர்களுக்குத் தூரத்து உறவு. மற்றவர்கள் அவரவர் வழி வந்தவர்கள்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. உலகத்தில் சுமார் 7000 மொழிகள். வாயோ ஒன்றுதான். க, த, ப, ம, ந, அ, இ, உ போன்ற சுலபமான ஒலிகளை ஏறக்குறைய எல்லா மொழியும் எடுத்துக்கொள்கிறது. ஹவாய் மொழியை எடுத்துக்கொள்: மெய் 8, உயிர் 5. நெடில், கூட்டுயிர் எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் 45 அசைதான் தேறும். ஈரசைச் சொல் 2025. இத்தனை பேர் இவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து சொல் எடுத்தால் மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நா என்பதையே பாரேன்: நமக்கு நாக்கு, கொரியருக்கு ‘நான்’, ரஷ்யருக்கு ‘மேல்’, ஸ்வாஹிலியில் ‘உம்’, ஜப்பானியருக்குப் பெயர்.

ஒலி மட்டும் மோதினால் சரி, பொருளும் சேர்ந்து மோதினால்? அதுவும் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. 1960களில் டிக்சன் என்ற மொழியியலாளர் அதைப் பேசத் தெரிந்த முதியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டாராம். ‘டாக்’ என்று பதில். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இல்லை. பக்கத்து மொழியான யிடினில் நாய்க்கு ‘குடகா’. இம்பாபரத்தில் பல சொற்களின் தலை தேய்ந்து போயிருக்கிறது, அதே விதிப்படி குடகாவும் தேய்ந்து டாக் ஆகிவிட்டது. ஆங்கில நாய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ஆங்கிலத்தில் கிஃப்ட் என்றால் பரிசு, ஜெர்மனில் அதே கிஃப்ட் விஷம். ஸ்வீடனில் விஷமும் அதுதான், ‘கல்யாணமானவர்’ என்பதும் அதுதான். (உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டாதே.) சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் எல்லாம் ‘கொடு’ என்ற ஒரே வேரில் முளைத்தவை. கொடுத்தது பரிசு, வேளைக்கு இவ்வளவு என்று கொடுத்த மருந்து விஷமாயிற்று, பெண் கொடுத்தால் கல்யாணம்.

சரி, உன் பட்டியலுக்கு வருகிறேன். அம்மாவையும் அப்பாவையும் முதலில் அடித்துவிடு. உதட்டை மூடித் திறந்தாலே குழந்தைக்கு மா, பா வந்துவிடும். அதை எந்த ஊர்ப் பெற்றோரும் தம்மைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். யாருக்கு எந்த ஒலி என்பதுகூட நிச்சயமில்லை: ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா! அம்மா அங்கே தேதா. நம் மாமா கேட்டால் மீசையை முறுக்கிக்கொள்வார். நா, நோ இரண்டும் மிகச் சின்னச் சொற்கள், எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே ஒரு நூல் போட்டார். ஆசை பழையது. செவி - கிவி போல வரிசையாக நிற்கும் மாற்றங்களை இன்னும் எவரும் எல்லோரும் ஏற்கும்படி காட்டவில்லை, அதனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அதே கருத்துதான். நீ தொடர் பார்ப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். உன் சம்பந்தியம்மா தெலுங்குக்காரர்தானே? அவரிடம் செவி, கை, கிளி, கெடு நான்குக்கும் தெலுங்குச் சொல் கேட்டுப் பார். செவியில் அவர்கள் நம்மோடு வருவார்கள். கையில் நம்மை விட்டுவிட்டுச் ‘செய்யி’ என்று போய்விடுவார்கள். மற்ற இரண்டையும் நான் சொல்லமாட்டேன், நீயே கேட்டு எழுது. அந்த ககரத்துக்கு அங்கே என்ன ஆயிற்று என்று நீயே யோசித்தும் எழுது. வயதான காலத்தில் வீட்டுப்பாடம் கொடுக்கிறாள் என்று திட்டாதே.

மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
மீனாட்சி