பறவைக்குளியல் தொட்டி: ஆழம்தான் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பறவைகளுக்காக வாளியிலும் ஆழமான கிண்ணத்திலும் தண்ணீர் வைப்பவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் சிறு பறவைகள் அதில் குளிக்க முடியாது. விழுந்தால் மூழ்கியும் போகும். விளிம்பில் 1 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழம் போதும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் 40 செ.மீ. அகல மண்தட்டே சிறந்தது. மெருகு பூசாததாக இருக்க வேண்டும். வழுக்கும் தட்டில் பறவைக்குக் கால் ஊன்றாது. வழவழப்பான தட்டுதான் கிடைத்ததா? சரளைக்கல் பரப்புங்கள். நீர்மட்டத்துக்கு மேல் தலைநீட்டும் ஒரு தட்டைக்கல் அவசியம். தேனீயும் அதில் அமர்ந்துதான் குடிக்கும்.

சிமெண்டில் வார்ப்பவர்கள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து, 4 செ.மீ. கனத்தில் வார்த்து, 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். பிறகும் ஒரு வாரம் நீர் நிரப்பி, தினமும் கொட்டுங்கள். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு, தொட்டி நீரைக் காரத்தன்மை உள்ளதாக்கிவிடும்.

புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். 2 முதல் 3 மீட்டர் தள்ளி, பாதி நிழலில் வையுங்கள்.

தண்ணீரைத் தினமும் மாற்றுவது நல்லது, இரண்டு நாளைத் தாண்டவே கூடாது. வெப்பமான நாட்களில் கொசு முட்டை ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். பாசியைத் தேய்க்க பிரஷ் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம். அது இறகின் எண்ணெய்ப் பசையை நீக்கிவிடும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள்