எந்த மாத்திரை என்று பெயரைப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் மருத்துவப் பக்கத்தில், பீட்டா பிளாக்கர் மருந்துகளால் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி வருவதாக ஆய்வு சொல்கிறது என்று நாலு வரித் துணுக்கு ஒன்று வந்திருந்தது. எந்த மருந்து, யாருக்குக் கட்டி வந்தது, எந்த வருடம் என்று ஒன்றுமே அதில் இல்லை. பிரஷருக்கும் படபடப்புக்கும் பல வருடமாக அந்த வகை மாத்திரை சாப்பிடும் என் அத்தை அதைப் படித்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சு தாறுமாறாக அடித்து, வேர்த்துக் கொட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் சிலருக்கு மாரடைப்புகூட வரலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அந்த ஆய்வு பொய்யில்லை, ஆனால் 60 வருடப் பழசு. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயன, மருந்து நிறுவனத்தில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி, நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் இதயத்தின் வேலையையே குறைத்தால் என்ன என்று யோசித்து, இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும் அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும் புரோனெத்தலால் என்ற பீட்டா பிளாக்கர் மருந்தைத் தன் குழுவோடு உருவாக்கினார். நோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது. ஆனால் அதை நீண்ட நாள் கொடுத்த சுண்டெலிகளுக்குத் தைமஸில் கட்டி வந்தது. 1963-ல் அதை வெளிப்படையாகவே எழுதினார்கள், மருந்தையும் கைவிட்டார்கள். அடுத்த வருடமே அதற்குப் பதிலாக அதே வகையில் புரோப்ரனலால் என்ற மருந்து வந்தது, அதைச் சுண்டெலிக்கும் எலிக்கும் 18 மாதம் வரை கொடுத்துப் பார்த்தும் மருந்தால் கட்டி வந்ததற்கு அடையாளம் இல்லை. பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். இன்று எந்த மருந்துக் கடையிலும் புரோனெத்தலால் கிடையாது, அப்புறம் எதற்கு இந்தப் பயம்?

தைமஸுக்கும் இந்த மாத்திரைக்கும் நிஜமாகவே சம்பந்தம் உள்ள விஷயம் வேறு ஒன்று, அதைத்தான் நீங்கள் போட்டிருக்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் என்று தசைகள் சோர்ந்துபோகும் ஒரு நோய் உண்டு, இமை தொங்கும், சாயங்காலமானால் மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும். அது வந்தவர்களில் 100-க்கு 10, 15 பேருக்குத் தைமஸில் கட்டியும் இருக்கும். அவர்களுக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்தால் அந்தச் சோர்வு அதிகமாகலாம். கட்டியை உண்டாக்குவது மாத்திரை இல்லை, ஆனால் இப்படிப்பட்டவர்கள் மாத்திரை எழுதும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், புரோனெத்தலால் என்ற பெயரோடும் சுண்டெலி என்ற சொல்லோடும் திருத்தம் போடுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அத்தை இப்போதும் தினமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார், நான் சொல்வதை நம்பவில்லை, உங்கள் பத்திரிகையில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை